ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில்?

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய பெட்ரோல் கார். வருடத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆயில் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்தால் இன்னும் தேன் நிறத்தில்தான் இருக்கிறது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். காசு பிடுங்கப் பார்க்கிறாரா?

பதில்: இந்த விஷயத்தில் அவரைச் சந்தேகப்படாதீர்கள். கையேட்டில் அந்த வரியை முழுதாகப் படியுங்கள். அநேகமாக '10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று இருக்கும். பின்பாதியை யாரும் படிப்பதில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் நுனியில் சொட்டுகிறதே, அதுதான். பெரும்பகுதி அந்த வழியாகவே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும், கூடவே எரியாத பெட்ரோலும். நெடுந்தூரம் ஓடுகிற வண்டியில் ஆயில் 90, 100 டிகிரி வரை சூடாவதால் ஈரம் ஆவியாகிப் போய்விடும். தெருமுனைவரை போய்த் திரும்புகிற வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. டாஷ்போர்டில் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பீர்கள். அது கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் திரவத்தின் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும்.

தங்கிவிட்ட ஈரம், எரிந்த புகையின் கழிவோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலத்தை அடக்குவதற்கென்றே ஆயிலில் காரப்பொருள் கலந்திருப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் அமிலம் பேரிங்கை அரிக்க ஆரம்பிக்கும். இதில் எதுவுமே நிறத்தில் தெரியாது. நன்றாக ஓடுகிற வண்டியின் ஆயில் அழுக்கை வாங்கிக்கொண்டு கறுத்துப்போகும். அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். உங்கள் ஆயில் தேன் நிறத்தில் இருப்பதற்குக் காரணம், வண்டி ஓடவில்லை என்பதுதான்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே வடிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அடியில் படிந்தது சேர்ந்து வரும். பல மாதம் நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன் மாற்றுங்கள். பழைய ஆயிலோடு நிறுத்தினால் அத்தனை மாதமும் எஞ்சின் அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: விலை உயர்ந்த ஃபுல் சிந்தெடிக் ஊற்றிவிட்டால், ஓடாத வண்டிக்கு மூன்று நான்கு வருடம் தாங்குமா?

பதில்: தாங்காது. உள்ளே இறங்குகிற தண்ணீருக்கு டப்பாவின் விலை தெரியாது.

கேள்வி: என் கார் ஷெட்டிலேயேதான் நிற்கிறது. வாரம் தவறாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறேன். இது போதும்தானே?

பதில்: நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். முடியாதா, சாவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் அடியில் வெள்ளையாகக் குழம்பு மாதிரி ஒட்டியிருக்கிறது. 'ஹெட் கேஸ்கெட் போச்சு, எஞ்சினை இறக்கணும்' என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: ஹெட் கேஸ்கெட் என்பது கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடாமல் எஞ்சினில் அடைத்துவைக்கும் தகடு. பயப்படுவதற்கு முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, டிப்ஸ்டிக். அதிலும் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா? இரண்டு, கூலன்ட் அளவு. ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள், இறங்குகிறதா? இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலன்ட்டும் இறங்காமல், மூடியில் மட்டும்தான் வெள்ளை என்றால், அது முதல் கடிதத்தில் சொன்ன ஈரமேதான். மூடி எஞ்சினின் குளிர்ந்த பகுதி, அங்கே வந்து படிகிறது. துடைத்துவிட்டு நன்றாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மூடியை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சினை இறக்கச் சொன்னவரிடம் அப்புறம் போக வேண்டாம்.

கேள்வி: சர்வீஸுக்கு விட்டேன். ஆயில், ஆயில் ஃபில்டர் இரண்டுக்கும் பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் ஃபில்டர் மேல் பழைய தூசியும் துருவும் அப்படியே இருக்கிறது. கேட்டதற்குச் சிரிக்கிறார்கள்.

பதில்: அந்தச் சிரிப்பு எனக்கும் பழக்கம். உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. சர்வீஸுக்கு விட்டவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஃபில்டரைத் துடைக்காமல் நாலு கோணத்தில் படம் எடுங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் பில்லையும் படம் எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, ஃபில்டர் மாற்றப்படவில்லை என்று எழுதி வாங்குங்கள். அப்புறம் சர்வீஸ் செய்தவருக்கு வாயால் சொல்லாமல் எழுத்தில் புகார் கொடுங்கள், பதிலுக்கு ஒரு தேதி வைத்து. நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போக நேர்ந்தால் இந்தக் காகிதங்கள்தான் பேசும். ஃபில்டரே மாற்றாதவர் ஆயிலை மட்டும் மாற்றியிருப்பார் என்று நம்பிக்கொண்டு ஓட்டாதீர்கள். அடுத்த தடவை விடுவதற்கு முன் ஃபில்டரில் பெயின்ட் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். பழையதைத் திருப்பித் தரச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதவையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: தள்ளுபடியில் கார் ஆயில் பெரிய டப்பாவாக வாங்கிவிட்டேன். 5டபிள்யூ-30. மிச்சத்தை என் பழைய பைக்கில் ஊற்றலாமா? ஆயில் எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலவே கணக்குப் போட்டவன். கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றினேன். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கிளட்ச் தட்டுகளைக் கழற்றி மேஜையில் பரப்பினார்கள். விளிம்பு கறுத்து, கருகிய வாடை. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு.

பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்துகொண்டு சுற்றும். கார் ஆயில் சிலவற்றில் எரிபொருள் மிச்சமாவதற்காக வழுக்கலைக் கூட்டும் சரக்கு சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச்சையும் வழுக்கவிடும். கியர் பைக்குக்கு டப்பாவின் பின்புறம் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி அது. முன்புறம் இருக்கும் ரேஸ் கார் படத்தைப் பார்க்க வேண்டாம். மிச்ச ஆயிலை மூடியை இறுக மூடி, வெயில் படாமல் வையுங்கள். அடுத்த வருடம் காருக்கே ஆகும்.

கேள்வி: பழைய எஞ்சினுக்கென்று ஒரு புட்டி விற்கிறார்கள். ஆயிலோடு கலந்தால் தேய்மானம் நின்று, அடிக்கடி ஆயில் மாற்றவே வேண்டாமாம். வாங்கலாமா?

பதில்: என் அலமாரியில் அப்படி இரண்டு புட்டி இருக்கிறது. ஒன்றில் பாதி காலி. பாதியை ஊற்றியபோது எஞ்சின் சத்தம் குறைந்த மாதிரிகூட இருந்தது. காசு கொடுத்தவனின் காது அப்படித்தான் கேட்கும்.

ஆயில் தயாரிப்பவர்கள் அழுக்கு கரைப்பான், தேய்மானத் தடுப்பான், நுரை அடக்கி எல்லாவற்றையும் அளந்து கலந்து, எஞ்சினில் ஓட்டிச் சோதித்த பிறகுதான் ஏ.பி.ஐ. (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) தர எழுத்தை டப்பாவில் போடுகிறார்கள். அதற்கு மேல் நாம் எதைக் கொட்டினாலும் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1997-ல், பெரிதாக விளம்பரம் செய்துவந்த ஒரு புட்டியின் தேய்மானக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நடவடிக்கை எடுத்து, அதைத் தயாரித்தவர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. அதன் பிறகும் புட்டிகள் குறையவில்லை, லேபிள்தான் மாறியது. எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: ஆயில் மாற்றத் தயங்குகிற அதே ஆள், ஆயில் மாற்றாமலிருக்க வழி என்றதும் யோசிக்காமல் பர்ஸைத் திறக்கிறார். புட்டியால் ஆயிலில் இருக்கும் தண்ணீரை வெளியே எடுக்க முடியுமா? கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் பேச்சை மாற்றுவார்.

கேள்வி: பதினைந்து வருடக் கார், அதிகம் ஓடவில்லை. ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. குடும்பத்தோடு 700 கிலோமீட்டர் போகலாமா? டயர், கார் வாங்கியபோது வந்ததுதான், பட்டன் அப்படியே புதுசு மாதிரி இருக்கிறது.

பதில்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2311 என்றால் 2011-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. அதைக்கூடப் பார்க்காமல் 700 கிலோமீட்டர் போகக் கிளம்பிவிட்டீர்கள். ரப்பர் நின்றபடியே இறுகி வெடிப்பு விடும், பட்டன் தேயாவிட்டாலும். முதலில் நான்கையும் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. பிரேக் ஆயிலையும் கேளுங்கள், அதுவும் ஈரம் குடிக்கும்.