முதல் மூன்று வாரங்கள்

கேள்வி: ட்ரோனும் ஏவுகணையும் சைபர் தாக்குதலும் வந்துவிட்ட காலத்தில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பது வீண்செலவு அல்லவா? கோஸ்டா ரிக்கா 1948ஆம் ஆண்டிலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. மற்ற நாடுகளுக்கு அந்தத் துணிச்சல் ஏன் வரவில்லை? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: பெரிய படை வேண்டாம் என்கிறீர்களா, உங்களோடு பாதி வழி வருகிறேன். படையே வேண்டாம் என்றால் அங்கேயே நின்றுவிடுவேன். கோஸ்டா ரிக்காவைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

1948 டிசம்பர் 1. தலைநகர் சான் ஹோசேயில் பெல்லாவிஸ்தா கோட்டை. சில மாதங்களுக்கு முன் உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்திருந்த ஹோசே ஃபிகெரெஸ் ஒரு சம்மட்டியை ஓங்கிக் கோட்டைச் சுவரில் அடித்தார். ராணுவம் அன்றோடு கலைக்கப்பட்டது. மறு ஆண்டு எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதை உறுதி செய்தது. கோட்டை இன்று தேசிய அருங்காட்சியகம். அந்தப் போரின் தோட்டா வடுக்கள் அதன் சுவர்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. சுற்றியிருந்த நாடுகளில் தளபதிகள் மாறி மாறி ஆட்சியைப் பிடித்த காலத்தில், கோஸ்டா ரிக்காவில் மட்டும் தேர்தல்கள் தவறாமல் நடந்தன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் போனது. இதைச் சாதாரணச் சாதனை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் 1955 ஜனவரியை யாரும் சொல்வதில்லை. அந்த மாதம் நிகரகுவா பக்கத்திலிருந்து ஆயுதம் தாங்கிய கூட்டம் கோஸ்டா ரிக்காவுக்குள் புகுந்தது. அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டது. அமெரிக்கா நான்கு மஸ்டாங் போர் விமானங்களைக் கொடுத்தது, விமானம் ஒன்றுக்கு ஒரு டாலர் என்று விலை வைத்து! ராணுவமில்லாத நாட்டுக்கும் ராணுவம் தேவைப்பட்டது. அது வேறொருவர் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். ஐஸ்லாந்துக்கும் சொந்தப் படை கிடையாது. அது 1949இல் நேட்டோ ராணுவக் கூட்டணியைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. அங்குள்ள கெப்லாவிக் தளத்தில் 2006 வரை அமெரிக்கப் படை இருந்தது. அடுத்தவர் தோட்டத்து மரத்தின் நிழலில் நிற்பதில் குற்றமில்லை. ஆனால் மரத்தை எப்போது வெட்டுவது என்பதைத் தோட்டக்காரர்தான் முடிவு செய்வார்.

அந்த நிழல் எவ்வளவு தாமதமாக வரும் என்று குவைத்தைக் கேட்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஈராக்கியப் படை எல்லையைத் தாண்டியது. இரண்டே நாட்களில் நாடு கைமாறிவிட்டது. செல்வத்துக்குக் குறைவில்லை, நண்பர்களுக்கும் குறைவில்லை. நண்பர்கள் வந்தும் சேர்ந்தார்கள், ஆனால் குவைத் விடுதலை பெற்றபோது 1991 பிப்ரவரி முடியப்போகிறது. இடைப்பட்ட ஏழு மாதங்களில் அந்த மக்கள் பட்டதை எந்த உடன்படிக்கையும் திருப்பித் தராது.

உங்கள் பக்கத்து நியாயமும் இதே கதைக்குள்தான் இருக்கிறது. குவைத்தை விழுங்கிய சதாமின் படை ஏறக்குறைய பத்து லட்சம் பேர் கொண்டது, உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்று. தரைப்போர் தொடங்கி நூறு மணி நேரத்தில் அது சிதறிப்போனது. மறுபடி அதே ஈராக், 2014 ஜூன். காகிதத்தில் பெரும் படை இருந்தும் மொசூல் நகரம் மிகச் சிறிய ஐஎஸ் பயங்கரவாதக் கும்பலிடம் விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் பிரதமர் ஹைதர் அல் அபாதி ஓர் உண்மையை வெளியிட்டார்: நான்கே டிவிஷன்களில், அதாவது பெரிய படைப்பிரிவுகளில், 50,000 சிப்பாய்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தவர்கள். பெயர் இருந்தது, சம்பளம் போனது, ஆள் இல்லை. 2021 ஆகஸ்டில் காபூலில் கரைந்துபோன ஆப்கன் படைகளுக்கும் கணக்கில் மூன்று லட்சம் பேர் காட்டப்பட்டிருந்தது. தலைக்கணக்கை வைத்துப் பலத்தை அளப்பவர்கள் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் அளப்பது? முதல் மூன்று வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதைத்தான். பெரும்பாலான படையெடுப்புகள் விரைவாக முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகின்றன. அந்த நம்பிக்கையை முதல் சில நாட்களில் உடைக்கத் தெரிந்த படை போதும்.

2022 பிப்ரவரி 24 அன்று கீவுக்கு வடமேற்கே ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்ய ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து வந்து வீரர்களை இறக்கின. ஓடுபாதையைப் பிடித்துவிட்டால் பின்னாலேயே பெரிய விமானங்களில் படையைக் கொண்டுவந்து இறக்கித் தலைநகருக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். அங்கே காவலுக்கு இருந்தவர்கள் தேசியக் காவற்படையின் சில நூறு பேர். அவர்களில் பலர் கட்டாயச் சேவையில் இருந்த இளைஞர்கள். தோள்மீது வைத்துச் சுடும் ஏவுகணைகளால் சில ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள், கையிருப்பு தீர்ந்ததும் பின்வாங்கினார்கள். அதற்குள் உக்ரைன் பீரங்கிகள் ஓடுபாதையைக் குறிவைத்துச் சுட ஆரம்பித்துவிட்டன. மறுநாள் ரஷ்யர்கள் நிலையத்தைப் பிடித்தார்கள், ஆனால் விமானம் இறங்க ஓடுபாதை இல்லை. மார்ச் இறுதியில் அங்கிருந்தே திரும்பிப் போனார்கள்.

ட்ரோன் வந்தபின் சிப்பாய் எதற்கு என்கிறீர்கள். கருங்கடலில் உங்கள் வாதம் பலிக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லாத உக்ரைன், மாஸ்க்வா என்ற ரஷ்யத் தலைமைக் கப்பலை 2022 ஏப்ரலில் ஏவுகணையால் மூழ்கடித்தது. தரையில் அப்படி நடக்கவில்லை. ட்ரோன் கொல்லும், ஒரு கிராமத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பதுங்குகுழியில் ஈரச் சேற்றில் ஆள்தான் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. பீரங்கி காலாவதியாகிவிட்டது என்று பேசியவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல் எடையிருக்கும், பல பீரங்கிகளில் அதை இன்றும் மனிதன் கையால் தூக்கித்தான் போட வேண்டும். 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், ஓராண்டுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டுகள் தருவதாக வாக்களித்தது. கெடு முடிந்தபோது கொடுத்தது ஏறக்குறைய பாதிதான். அத்தனை பணக்கார நாடுகள் சேர்ந்தும், குண்டு வார்க்கும் ஆலைகளை முன்பே சுருக்கிவிட்டிருந்ததால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

'சோறு போடுவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் செலவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கான விடை பின்லாந்தில் இருக்கிறது. சுமார் 55 லட்சம் மக்கள், ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை. போர் வந்தால் 2,80,000 பேரைத் திரட்டும். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று சீருடையில் இல்லை. ஆசிரியராக, மின்பணியாளராக, விவசாயியாக இருக்கிறார்கள். இளைஞர்கள் 165 நாள் முதல் 347 நாள் வரை பயிற்சி பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள், அவ்வப்போது மறுபயிற்சிக்கு வருகிறார்கள். ஹெல்சிங்கியில் பாறையைக் குடைந்து கட்டிய ஒரு பொது நீச்சல் குளம் உண்டு. குழந்தைகள் நீந்தப் பழகும் அந்த இடம், தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோருக்குப் பதுங்கிடமாக மாற வேண்டும் என்று திட்டமிட்டே கட்டப்பட்டது. இளைஞர்களைக் கட்டாயப்படுத்துவது சிறிய விலை அல்ல, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சுமை ஊரெல்லாம் பங்கிடப்படுகிறது.

நிரந்தரமாகப் பெருத்த படையைக் கண்டு நானும் அஞ்சுகிறேன். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்துத் தன் மக்களையே சுட்டது. ஃபிகெரெஸ் சம்மட்டி எடுத்ததன் நியாயம் அங்கே தெரிகிறது. 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய ஐசன்ஹோவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவரான சில மாதங்களில், 1953 ஏப்ரலில் பேசினார்: ஒரு நவீன குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஊருக்கொரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று. போரை நேரில் பார்த்த மனிதரின் வேதனை அது. ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் அதை நினைத்துக்கொள்கிறேன். அணிவகுப்புக்கு அழகாக இருக்கும் என்பதற்காக வாங்கப்படும் ஒவ்வொரு ஆயுதமும் ஒரு வகுப்பறையைத் தின்கிறது. அதை எதிர்த்து எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

கலைப்பதற்கு முன் சுவீடன்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பால்டிக் கடலின் நடுவே அவர்களுக்குக் காட்லாந்து என்ற தீவு உண்டு. இனிப் போர் வராது என்று நம்பி 2005இல் அங்கிருந்த ரெஜிமென்ட்டை மூடினார்கள், 2010இல் கட்டாயச் சேவையையும் நிறுத்தினார்கள். 2014இல் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவிடம் போனது. 2016இல் வீரர்கள் தீவுக்குத் திரும்பினார்கள். 2017இல் கட்டாயச் சேவை மீண்டும் வந்தது. ரெஜிமென்ட் மறுபடி உயிர் பெற்றது 2018இல். அதற்கு முகாமையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.