கோடை, தீ, காற்று திரும்பும் நேரம்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, "இந்த வருஷம் எத்தனை டிகிரி அடிக்கும்?" என்பதாகவே இருக்கும். டெல்டாவில் இருப்பவர்கள் அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, எத்தனை மணிக்கு அடங்குகிறது, கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது? உடம்பு படும் பாடு, வைக்கோல் போரின் பாதுகாப்பு, களத்து நெல்லின் கதி எல்லாம் இதைப் பொறுத்தவை.

அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் வெயில் ஏன் குறைவதில்லை? (மன்னார்குடி வாசகர்)

கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். வானிலைத் துறை இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை. நம் பகுதியில் வெயிலின் கடுமையைப் பெரும்பாலும் காற்றுதான் தீர்மானிக்கிறது. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை நெருங்கும். ஜூன் 1 அங்கே வழக்கமான தொடக்க நாள். அப்போது மேல்காற்று வலுக்கும். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, உலர்ந்து, திருச்சி வழியாக நம்மிடம் வருகிறது. அது வலுவாக வீசும் நாளில் கடல்காற்றால் எதிர்த்து உள்ளே வர முடியாது. வழக்கமாகப் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் குளிரும் நாகப்பட்டினமும் காரைக்காலும் அன்றைக்கு மூன்று, நான்கு மணிவரை கொதிக்கும். கத்திரி முடிந்த பிறகு ஜூனில்கூடக் கடலோரம் சுடுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே நிவர்த்தி தேதியைப் பார்த்து வயல் வேலையை மதியத்துக்கு மாற்றிவிடாதீர்கள்.

திருச்சியில் 40 டிகிரியைத் தாங்க முடிகிறது. எங்கள் ஊரில் 37-க்கே மூச்சு முட்டுகிறதே? (நாகை வாசகர்)

காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கடலோரத்துக்கு வெப்ப அலை அளவுகோலே வேறு: 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருந்தாலே போதும். சமவெளிக்கு அது 40. வேலை செய்துகொண்டிருப்பவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.

தை மாதம் மெல்போர்னில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் பயங்கர வெயில், மறுநாள் ஸ்வெட்டர் போட வேண்டியதாயிற்று. "மாலையில் குளிர்க்காற்று வரும், அப்போதுதான் காட்டுத்தீ ஆபத்து அதிகம்" என்று டிவியில் எச்சரித்தார்கள். குளிர்ந்தால் தீ அடங்கத்தானே வேண்டும்? நமக்கும் அப்படி ஒன்று வருமா? (கும்பகோணம் வாசகி)

நல்ல கேள்வி அம்மா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தென்கோடிக் கடலிலிருந்து கிளம்பும் குளிர்ந்த காற்றுத்திரள், வெப்பக் காற்றுக்கு அடியில் ஆப்பு இறங்குவதுபோல நுழையும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் குளிர் முகப்பு. அது நெருங்கும்போது, அதற்கு முன்னால் வடக்கே உள்ள வறண்ட உள்நாட்டிலிருந்து அனல்காற்று வேகமாக வீசும். அந்தக் காற்றில் பிடித்த தீ, குறுகிய முகத்தோடு தெற்கு, தென்கிழக்கு நோக்கி நீளமாக ஓடும். முகப்பு கடந்ததும் காற்று சட்டென்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதுவரை தீயின் விலாவாக இருந்த நீண்ட கிழக்குப் பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் முகமாகிப் பாயும். வெப்பம் இறங்கினாலும் காய்ந்த புல்லும் சருகும் உடனே ஈரமாகிவிடாது. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி பதிவானது. மாலையில் காற்று திரும்பியது. விக்டோரியா மாநிலத்தில் அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள். மகளிடம் சொல்லுங்கள்: வெளியேறுவதானால் காலையிலேயே வெளியேற வேண்டும், காற்று திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது.

நம் டெல்டா 10, 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. குளிர் முகப்பு இவ்வளவு தூரம் வராது. ஆனால் காற்றைத் திருப்பும் இரண்டு விஷயங்கள் நமக்கும் உண்டு. ஒன்று, மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்றைப் பிற்பகலில் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் மாற்றிவிடும் கடல்காற்று. இது திருத்துறைப்பூண்டிக்குச் சீக்கிரமாகவும் தஞ்சாவூருக்குப் பொழுது சாயும் நேரத்திலும் வரும். இன்னொன்று கோடை இடிமழை. மேகத்திலிருந்து மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவும். முதல் துளி விழும் முன்பே புழுதியைக் கிளப்பிக்கொண்டு, எந்தத் திசையிலிருந்தும் வரும். திருவையாற்றுப் பக்கம் குலை தள்ளிய வாழையை முறித்துப்போடுவது பெரும்பாலும் மழையைவிட இந்தக் காற்றுதான். வயலில் தீ இருந்தால் அது ஓடும் திசையையும் இதுவே மாற்றும்.

அறுவடை மெஷின் ஓடிய வயலில் கட்டு கட்டியதுபோக மிச்சத் தாளைக் கொளுத்தலாமா? வைக்கோலை வீட்டருகே எங்கே போடுவது? (ஒரத்தநாடு விவசாயி)

கொளுத்த வேண்டாம். தழைச்சத்து புகையாகப் போகும். மேலும் பங்குனி, சித்திரையில் பக்கத்து வயலில் உளுந்தும் பயறும் காய்ந்து நிற்கும். கரும்புத் தோகை உலர்ந்திருக்கும். மூன்று மணிக்கு மேல்காற்றைப் பார்த்து வைத்த தீ, ஐந்து மணிக்குக் கடல்காற்றில் நீங்கள் நிற்கும் பக்கம் திரும்பும். இதுதான் நான் மிகவும் அஞ்சுவது. வரப்பில் நின்று தழையால் அடித்து அணைக்கப் போன பெரியவர்கள் புகையில் சிக்கிக்கொள்வது இப்படித்தான். கோடை மழை ஈரத்தில் மடக்கி உழுதுவிடுங்கள்.

வைக்கோல் போருக்கு முதலில் தேவை தூரம். வீட்டிலிருந்தும், மாட்டுக்கொட்டகையிலிருந்தும், மேலே போகும் மின்கம்பியிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். திசை என்று கேட்டால், கோடையில் பகலில் மேற்கிலிருந்தும் மாலையில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்தும் காற்று வருவதால், வீட்டுக்கு வடபுறம் நல்லது. ஒரே பெரிய போராக இல்லாமல் இடைவெளிவிட்டு இரண்டாகப் போட்டால் ஒன்றாவது மிஞ்சும்.

ஒன்று கூடுதலாக: வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் லாரியும் தாழ்வாகத் தொங்கும் கம்பியில் உரசித் தீப்பிடிப்பது ஒவ்வொரு அறுவடைக்கும் நடக்கிறது. வெயிலில் கம்பி நீண்டு மேலும் தொய்யும். பாரத்தைக் குறையுங்கள், லைன்மேனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிடுவது உயிருக்கே உலை. தீப்பிடித்துவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டே போகக் கூடாது, ஓட்டம் தீயை விசிறிவிடும். வீடுகள் இல்லாத இடத்தில் நிறுத்தி இறங்கி 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

டெல்டாவில் காட்டுத்தீ அபாயம் உண்டா? (வேதாரண்யம் வாசகர்)

மலைக்காட்டில் பரவுவது போன்ற தீக்கு இங்கே இடமில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியதைப் பார்த்தோமே, அங்கே சரிவும் உயரமாகக் காய்ந்த புல்லும் சேர்ந்து தீயை மேலே இழுத்தன. உங்கள் ஊருக்கு அருகே கோடியக்கரையில் இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. அதையொட்டிய புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. அங்கே பீடித் துண்டைப் போடாமல் இருந்தாலே பெரிய உதவி. கொள்ளிடத்து நாணலும், வறண்ட ஏரியின் கோரையும், பனந்தோப்பின் காய்ந்த மட்டையும் இதே கவனத்தைக் கேட்கின்றன.

கோடை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்திருக்கிறோம். மழையை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது? (பாபநாசம் விவசாயி)

கோடை மழையை வாரக் கணக்கில் ஊர் பெயர் சொல்லிக் கணிக்க முடியாது. உள்மாவட்டங்கள் வழியாகக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நீண்டு கிடக்கிறது என்று அறிக்கையில் கேட்டால் உஷாராகிவிடுங்கள். மதியத்துக்குமேல் மேற்கு வானில் மேகம் கோபுரமாக எழுகிறதா என்று பாருங்கள். உயரத்துக் காற்று மேற்கிலிருந்து வீசும் நாளில் அது சாயங்காலமோ இரவோ நம் பக்கம் நகரும். காரைக்கால் ரேடார் படமும், மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் அப்போதுதான் பயன்படும். மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் செய்யாமல் திருப்பிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தார்ப்பாயை மதியமே பக்கத்தில் எடுத்து வையுங்கள். ஆனால் இடி கேட்கும்போது நெல்லை மூட என்று வெட்டவெளியில் ஓடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரமாவது போகட்டும்.

வங்கக் கடலில் மே மாதம் புயல் வந்தால் வெயில் தணியுமா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

நம்மை நோக்கி வந்தால் தணியும். ஒடிசா, வங்கம் பக்கம் விலகிப் போனால், நிலத்துக் காற்றைத் தன் பக்கம் இழுத்து வெயிலைக் கூட்டிவிடும். 2019-இல் ஃபானி நமக்கு வரும் என்று எதிர்பார்த்தோம். அது திரும்பிப் போய் மே 3 அன்று புரி அருகே கரையேறியது.

வைகாசியில் கோயில் விசேஷம். கீற்றுப் பந்தல் போடுகிறோம், கவனிக்க வேண்டியது என்ன? (திருவையாறு வாசகர்)

தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது 1997 ஜூன் 7 அன்று யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். இரண்டையும் நம் மண் பார்த்துவிட்டது. முடிந்தால் தகரக் கொட்டகை போடுங்கள். கீற்றுதான் என்றால் எதிரெதிரே இரண்டு அகலமான வழிகளாவது இருக்கட்டும், அவற்றில் நாற்காலி அடுக்காதீர்கள். மடப்பள்ளியும் ஜெனரேட்டரும் பந்தலை ஒட்டி இருக்கவே கூடாது. பகலில் காற்று போகும் பக்கமாகக் கிழக்கே அடுப்பை வைத்தால், மாலையில் அந்தப் பொறி நேராகப் பந்தலுக்கு வரும், ஆகவே வடக்கே தள்ளி வையுங்கள். நான்கு மூலையிலும் தண்ணீர் டிரம், மணல் வாளி வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். பந்தல் நிற்கும் நாட்களில் வாணவெடி வேண்டாம்.