டேக் ஒன்று, வெர்ஷன் வேறு

கே: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலைப்பட்டியலைப் பிரித்தெடுக்கும் சின்ன பைத்தான் பேக்கேஜ் வைத்திருக்கிறேன். கோடில் வெர்ஷனைக் குறிக்கும் டேக் போட்டதும், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கி வசதி அதை பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் ஏற்றும்படி செய்தேன். 'ஃபைல் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்று நின்றுவிடுகிறது. பழையதை அழித்தும் பயனில்லை.
- வாசகி, மேலூர்

ப: அழித்திருக்கவே வேண்டாம். ஒருமுறை ஏற்றிய ஃபைல் பெயரை, அழித்தாலும் பைபிஐ மறுபடி ஏற்காது. பழுதான வெர்ஷனுக்கு, அழிக்காமல் ஒதுக்கிவைக்கும் 'யாங்க்' போதும். அந்த வெர்ஷன் எண்ணையே குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும்.

உங்கள் டேக் வி1.2.1 என்றிருக்கும், பேக்கேஜ் விவரங்கள் இருக்கும் பைப்ராஜெக்ட்.டாமல் ஃபைலில் 1.2.0 அப்படியே கிடக்கும். பைபிஐ-க்குப் போகும் வீல் ஃபைலின் பெயர் டேக்கைப் பார்த்து வருவதில்லை, இந்த எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பில்டுக்கு முன்பே நிறுத்தும் ஒரு ஸ்டெப் சேருங்கள். செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் என்ற கருவியை வைத்தால் டேக்கிலிருந்தே எண் வரும். ஆனால் கோடை எடுத்துவரும் செக்அவுட் ஸ்டெப்பில், முழு வரலாறும் டேக்குகளும் வர ஃபெட்ச்-டெப்த் 0 கொடுங்கள். வழக்கமாக அது கடைசி கமிட்டை மட்டுமே எடுக்கும்.

பைபிஐ-யில் ஏற்றுவதற்கான ரகசியச் சாவியான டோக்கனை கிட்ஹப் சீக்ரெட்டில் வைத்திருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். 2023-இல் வந்த பைபிஐ-யின் 'டிரஸ்டட் பப்ளிஷிங்' வசதி 15 நிமிடத்தில் காலாவதியாகும் டோக்கனைத் தானே தரும். பைபிஐ பக்கத்தில் ரெப்போ உரிமையாளர், ரெப்போ பெயர், வொர்க்ஃப்ளோ ஃபைல் பெயர் மூன்றையும் பதியுங்கள். ஜாபில் 'ஐடி-டோக்கன்: ரைட்' அனுமதி வேண்டும். பின்னாளில் அந்த வொர்க்ஃப்ளோ ஃபைலின் பெயரை மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டும், பலர் இடறுவது இங்கேதான்.

இப்போதைக்கு 1.2.2 என்று ஏற்றிவிடுங்கள்.