செக்போஸ்ட் இல்லாத காடு

சியாட்டில் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் ஆளாளுக்கு வாரக்கடைசியில் காட்டுக்குப் போய் டென்ட் போட்டுவிட்டு வருகிறார்கள், மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு நாங்களும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா, கரடி வருமா, நம் சாப்பாட்டைச் சமைக்கலாமா, கழிப்பறை இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இருக்கும். அதற்குள் தண்ணீர்தான் பெரும்பாலும் இருக்காது. கையோடு ஒரு சொம்பு கொண்டுபோங்கள், வெட்கப்படாதீர்கள். எங்கள் கேம்பிங் பெட்டியில் டார்ச்சுக்குப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

நான் போடிநாயக்கனூர்க்காரி. 2007-ல் இங்கே வந்தேன். எங்கள் ஊரில் காட்டுக்குப் போவதென்றால் முதலில் கண்ணில் படுவது செக்போஸ்ட். எத்தனை பேர், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. செக்போஸ்டைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இங்கே முதல் அதிர்ச்சி, காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் யாருமே இல்லை என்பதுதான். ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு குப்பைத்தொட்டி, சில இடங்களில் அதுகூட இல்லை. அவ்வளவு சுதந்திரமா என்று சந்தோஷப்பட்டோம். யாரும் தடுக்கவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. நம் ஆட்கள் பாதிப்பேருக்கு வந்து பத்து வருஷம் ஆனாலும் இந்தக் குழப்பம் தீர்வதில்லை. மவுண்ட் ரெய்னியர் நேஷனல் பார்க். அரசு நிலங்களைப் பார்த்துக்கொள்கிற இந்த ஊர் உள்துறையின் கீழ் வருகிறது, நுழைவாயிலில் கூண்டு இருக்கும், பணம் வாங்கிக்கொண்டு வரைபடம் கொடுப்பார்கள். நேஷனல் ஃபாரஸ்ட்டை நடத்துவது 1905-ல் தொடங்கிய ஃபாரஸ்ட் சர்வீஸ். அது விவசாயத் துறையின் கீழ் இருக்கிறது, ஆச்சரியமாக இல்லையா? மரமும் ஒரு விளைச்சல் என்ற கணக்கு. ‘பல பயன்களுக்கான நிலம்’ என்று அவர்கள் பலகையிலேயே எழுதியிருக்கும். அதனால் அங்கே மரம் வெட்டுவார்கள், சில இடங்களில் மாடு மேயும், இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் வருவார்கள். அக்டோபரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போலீசைக் கூப்பிட வேண்டாம். பிள்ளைக்குப் பளீரென்ற ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று போட்டு விடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது மவுண்ட் பேக்கர்–ஸ்னோகுவால்மி நேஷனல் ஃபாரஸ்ட். கனடா எல்லையிலிருந்து ரெய்னியர் மலையின் ஓரம் வரைக்கும் நீண்டு கிடக்கிறது.

இனி பாஸ் சமாச்சாரம். ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் போதும், தலை சுற்றிவிடும். வழியில் மவுண்ட் சை வரும். அது மாநில அரசு நிலம், அங்கே டிஸ்கவர் பாஸ் வேண்டும். இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஃப்ராங்க்ளின் அருவி. அது ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலம், அங்கே நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும். ஒரு நாளைக்கு 5 டாலர், வருஷத்துக்கு 30. வாஷிங்டன், ஓரிகன் இரண்டு மாநிலத்து ஃபாரஸ்ட்டுகளுக்கும் செல்லும். நேஷனல் பார்க்குக்கும் அடிக்கடி போவீர்கள் என்றால் 80 டாலர் வருடாந்திர ‘அமெரிக்கா த பியூட்டிஃபுல்’ பாஸ் வாங்கிவிடுங்கள், அது ஃபாரஸ்ட்டிலும் செல்லும். ஆனால் எதை வைத்திருந்தாலும் மாநில நிலத்தில் அது செல்லாது, மாநிலப் பாஸ் ஃபாரஸ்ட்டிலும் பார்க்கிலும் செல்லாது. பனிக்காலத்தில் ஸ்னோ-பார்க் என்று இன்னொரு சீட்டு வேறு. என் கார் கண்ணாடியில் கோயில் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாஸ் தொங்குகின்றன. உங்கள் மகள் நான்காம் வகுப்புக்குப் போகிற வருஷத்தை மறக்காதீர்கள்: அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பாஸ் இலவசம், கூடப் போகிற குடும்பத்துக்கும் சேர்த்து.

பாஸ் வாங்கிவிட்டோம், டென்ட் போடலாம் என்று நினைக்காதீர்கள். பாஸ் வண்டி நிறுத்தத்தான். கேம்ப்கிரவுண்டில் இரவு தங்க வாடகை தனி.

அந்த வாடகை இடத்தை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பிடிக்க வேண்டும். பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். ஜூலை சனிக்கிழமைக்கு ஜனவரியில் உட்கார்ந்து பிடிக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்தவர்கள்தானே நாம், பழக்கம் இருக்கும். இப்போது பார்த்தால் எல்லாம் நிறைந்திருக்கும். மனம் தளர வேண்டாம். போகிற வாரத்தில் ரத்து செய்கிறவர்கள் நிறைய, புதன், வியாழன் இரவு திரும்பத் திரும்பப் பாருங்கள். இல்லையென்றால் ஞாயிறு இரவு தங்கித் திங்கள் ஒரு நாள் லீவு போடுங்கள், காடே உங்களுடையது. பதிவு இல்லாமல் முதலில் வருபவருக்கு இடம் என்று விடுகிற கேம்ப்கிரவுண்டுகளும் உண்டு. அங்கே ஒரு உறையில் பணம் போட்டு, வண்டி எண்ணை எழுதி, இரும்புக் குழாயில் செருக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து ஏழு மணிக்குப் போய் நின்றால் இடம் இருக்காது. நாங்கள் நின்றிருக்கிறோம். மூன்று கேம்ப்கிரவுண்டு ஏறி இறங்கி, இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பி, வீட்டுக் கூடத்திலேயே டென்ட் போட்டுப் படுத்தோம். பையனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் தடவைக்கு டென்னி க்ரீக் கேம்ப்கிரவுண்டைப் பாருங்கள். ஐ-90-ல் 47-ம் எக்ஸிட். நெடுஞ்சாலை இரைச்சல் கேட்கும், அதனாலேயே விஷயம் தெரிந்தவர்கள் அதை மட்டமாகப் பேசுவார்கள். ஆனால் சின்னப் பிள்ளையுடன் முதல் இரவு போகிறவருக்கு அந்த இரைச்சல் ஒரு தைரியம். நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்தில் வீடு. பக்கத்திலேயே ஃப்ராங்க்ளின் அருவிக்கு நடைபாதை. போக வர இரண்டு மைல்தான். 70 அடி உயர அருவி. அந்த வழியில் ஒரு பகுதி, அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் கணவாயைக் கடந்த பழைய பாதை. குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து நிற்கலாம் என்று போகாதீர்கள். உருகின பனித் தண்ணீர், ஆகஸ்டிலும் கால் மரத்துப்போகும்.

வாடகைக்குக் கிடைப்பது ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், டென்ட் போடச் சமதளம், வண்டி நிறுத்த இடம். அவ்வளவுதான். குளியலறை, பிளக் பாயிண்ட் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. கழிப்பறை என்பது பெரும்பாலும் கீழே பெரிய தொட்டி வைத்துக் கட்டிய சிமெண்டு அறை. ஃபிளஷ் இல்லை, விளக்கு இல்லை. மகளை இருட்டுவதற்கு முன்பே ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள், ராத்திரியில் புதிதாகப் பார்த்தால் அழுவாள். குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள். இருந்தாலும் ஒரு பெரிய கேனில் கொண்டுபோங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

ஜூலையிலும் இரவில் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும். போர்வை போதாது என்று எல்லோரும் ஸ்லீப்பிங் பேக்குக்குச் செலவு செய்கிறார்கள். குளிர் ஏறுவது கீழே தரையிலிருந்து. அடியில் விரிக்கிற மெத்தைக்குக் காசு போடுங்கள். முதல் தடவைக்கு எல்லாமே வாடகைக்கு எடுக்கலாம், ஆர்.இ.ஐ. கடையில் கொடுக்கிறார்கள்.

சமையல் தாராளமாகச் செய்யலாம். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் பச்சை நிறச் சின்ன சிலிண்டரும் போதும். என் அனுபவத்தில் முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே புளியோதரை, காலைக்கு உப்புமா. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இந்தப் பக்கம் இருப்பது கருங்கரடி. மனிதர்களைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். தாளிப்பு வாசனை நமக்கே தெரு முனை வரைக்கும் வரும், அதன் மூக்குக்குச் சொல்ல வேண்டுமா? சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம், குப்பை, எண்ணெய், பற்பசை, சோப்பு, பிள்ளையின் பால் பவுடர் வரைக்கும் காரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். டென்ட்டுக்குள் ஒரு முறுக்குத் துண்டுகூட இருக்கக் கூடாது. பதினெட்டு வருஷத்தில் நான் கேம்ப்கிரவுண்டில் கரடியைப் பார்த்ததில்லை. ஆனால் டென்ட் மூலையில் விட்ட மிக்ஸர் பாக்கெட்டுக்காக ஒரு சிப்மங்க் அணில் புது டென்ட்டின் துணியைக் கடித்து ஓட்டை போட்டது. வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு ஓமப்பொடியை விட்டுவிட்டுப் போயிருந்தது.

நெருப்பில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இங்கே எப்போதும் மழை என்று சொல்வார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மழை மிகக் குறைவு, காடு சருகாகக் கிடக்கும். 2022 செப்டம்பரில் ஸ்கைகோமிஷ் பக்கம் போல்ட் க்ரீக் தீ 14,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. நெடுஞ்சாலையை மூடினார்கள், நாங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மனிதர்களால் தொடங்கியது அது. அதனால் தடை போட்ட காலத்தில் விறகு மூட்டவே கூடாது. அணைக்கிற திருகு உள்ள கேஸ் அடுப்பைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். கிளம்புகிற அன்று காலையில் ஃபாரஸ்ட்டின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். மூட்டலாம் என்றால், படுக்கப்போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, திரும்ப ஊற்றி, புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. விறகை வீட்டுப்பக்கமிருந்து ஏற்றிப் போகாதீர்கள், அதில் பூச்சி சேர்ந்து வரும். அங்கேயே வாங்குங்கள்.

சொன்னேனே, அந்தக் கதை. 2009 ஜூன். ஆல்பென்டல் பனிச்சறுக்கு மைதானத்துக்கு எதிரே ஸ்னோ லேக் பாதை தொடங்குகிறது. போக வர ஏழு மைல், ஏற்றம் 1,800 அடி. பெயரிலேயே பனி இருக்கிறது, எங்களுக்கு உறைக்கவில்லை. ஜூன் என்றால் கோடைதானே? இரண்டு குடும்பம், நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், எல்லோர் காலிலும் வாக்கிங் ஷூ. கார் நிறுத்துமிடத்தில் நல்ல வெயில். ஒரு மைல் தாண்டியதும் திட்டுத் திட்டாகப் பனி, பிறகு பாதையே காணவில்லை, முன்னால் போனவர்களின் காலடித் தடம் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனோம். சரிவில் நடக்கும்போது கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கே ஓடுகிறது என்று யோசிப்பதற்குள் என் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. பனிக்கு அடியில் ஓடை. மேலே கூரை மாதிரி மெல்லிசாகப் பனி. கணவர் கையைப் பிடித்து இழுத்தார். எதிரே இரண்டு ஊன்றுகோலுடன் ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், இறங்கி வந்தார். எங்கள் ஷூவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், “ஷூவில் மாட்டுகிற முள் பட்டை வைத்திருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. “ஏரி எங்கேயும் போகாது” என்றார். திரும்பிவிட்டோம். போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை.

வரும்போதுதான் கவனித்தேன். பாதையோரம் ஒரு மரப்பெட்டி, உள்ளே சீட்டுக்கட்டு. அந்த ஏரி ஆல்பைன் லேக்ஸ் வனாந்தரப் பகுதிக்குள் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் எத்தனை பேர், எங்கே, என்றைக்குத் திரும்புவோம் என்று தாங்களே எழுதி ஒரு பிரதியைப் பெட்டியில் போட வேண்டும். காசு கிடையாது. எங்கள் ஊர்ச் செக்போஸ்டில் வாட்சர் கேட்கிற அதே கேள்விகள்தான். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவசரத்தில் அதைக் கடந்து போயிருந்தோம்.

இப்போது கிளம்பும் முன் வாஷிங்டன் ட்ரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் முந்தின வாரம் போனவர்கள் எழுதியதைப் படிப்பேன்: பனி எங்கே தொடங்குகிறது, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, கார் எங்கே உடைக்கப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். வரைபடத்தைப் போனில் இறக்கிவைப்பேன். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் போன் பண்ணாவிட்டால் 911-ஐக் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் எழுதிக்கொடுப்பேன். தேடி வருகிறவர்கள் ஷெரிஃப்பின் கீழ் வேலை செய்கிற தன்னார்வலர்கள். அவர்களும் நம்மைப்போல் மறுநாள் ஆபீஸ் போகிறவர்கள்.

ஒன்றே ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து போவது நம் வழக்கம். ஒரு இடத்துக்குப் பெரும்பாலும் எட்டுப் பேர்தான், இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. ஒருமுறை நாங்கள் அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருந்தபோது கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் டார்ச்சுடன் வந்து நின்றார். திட்டவில்லை, பாட்டு முடியும்வரை காத்திருந்தார். அதுதான் கூச்சமாக இருந்தது.

ஜூலை கடைசி வாரத்துக்குப் பிறகு ஸ்னோ லேக்குக்கும் போகலாம், ஆனால் உங்கள் மகளுக்கு அது இன்னும் மூன்று வருஷம் கழித்து. அந்த அணில் கடித்த டென்ட் கராஜில் சும்மாதான் கிடக்கிறது, ஓட்டையைத் தைத்துவிட்டேன். இந்தத் தடவை அதை எடுத்துக்கொண்டுபோங்கள், மிக்ஸர் மட்டும் வேண்டாம்.