வைத்தியசாலைக்குப் போகும் வீதியில் 14 பேர்ச் காணி: இப்போதே கட்டலாமா?

கேள்வி: ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு நகரத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊரிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி, தேயிலை மலையாக இருந்த இடத்தில் புதிய வைத்தியசாலை வளாகம் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே போகும் வீதியின் பள்ளத்துப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட 14 பேர்ச் காணி எங்களுக்கு இருக்கிறது. வீதி முகப்பு 40 அடி. கத்தாரில் இருக்கும் தம்பி, வீதி மட்டத்தில் மருந்துக்கடையும் மேலே இரண்டு மாடி தங்கும் அறைகளும் கட்டலாம் என்கிறான். "ஆஸ்பத்திரி வந்தால் இந்த ரோட்டே வர்த்தக வலயம்தான், பிளானை யாரும் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் தோட்டத்துக் காணி 10 பேர்ச் வருகிறது, அதையும் பிடித்துவிடுங்கள்" என்கிறார் தரகர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 10 பேர்ச். அதற்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கட்டடம் பற்றி ஆறுதலாகப் பேசலாம், கைப்பணம் போனால் திரும்பாது.

பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசின் கைக்குப் போனது. 1992 இல் வந்த பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நீண்டகாலக் குத்தகைக்குத்தான் எடுத்தன. வாடகைக்கு இருப்பவர் வீட்டை விற்க முடியுமா? தோட்டத்து முத்திரை குத்திய கடிதம், அலுவலகத்தில் யாரோ கையெழுத்திட்ட துண்டு, "பதினைந்து வருடமாக நாங்கள்தான் மரக்கறி போடுகிறோம்" என்ற பேச்சு எதுவுமே காணி உறுதி ஆகாது. அந்த 10 பேர்ச்சுக்குள் யாருக்காவது வீடு கட்டக் கிடைத்த 7 பேர்ச் துண்டு அடங்கியிருந்தால், குடியிருக்கக் கொடுத்த காணியில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதை வாசிக்காமல் கடை பற்றி நினைக்கவே கூடாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. உண்மையிலேயே தனியார் தோட்டமாக இருந்தாலும், பெருந்தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் 1958 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கக்கூடும்.

அப்பாவின் காணிக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். "அப்பா வாங்கினார்" என்று எழுதியிருக்கிறீர்கள், யாரிடமிருந்து என்று எழுதவில்லை. காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவேட்டுப் பிரதிகளை எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பிறகு நில அளவையாளரைக் கூட்டிவந்து எல்லைக்கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் எல்லைக்கல் மண்ணோடு சேர்ந்து நடக்கும் என்று எங்களுடைய பழைய அளவையாளர் ஒருவர் சொல்வார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இனி வலயம். வைத்தியசாலை வருவதால் எந்த வீதியும் தானாக வர்த்தக வலயம் ஆவதில்லை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, முதலில் ஒரு பிரதேசத்தை அபிவிருத்திப் பிரதேசம் என்று அமைச்சர் பிரகடனம் செய்ய வேண்டும். அதன்பின் அபிவிருத்தித் திட்டம் தயாராகி, அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வரவேண்டும். எந்தத் துண்டில் வீடு, எதில் கடை, எத்தனை மாடி என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில்தான் இருக்கும். தரகர் தொலைபேசியில் காட்டும் வண்ண வரைபடம் வரைவாக இருந்தால் அதற்குச் சட்ட வலு கிடையாது. அதில் உங்கள் காணி சிவப்பாக இருந்தாலும் சரி, பச்சையாக இருந்தாலும் சரி.

தரகர் சொல்வது மறுபக்கத்திலும் பிழை. வர்த்தக வலயமே ஆனாலும் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அங்கே ஒரு கல் வைக்க முடியாது. அனுமதியில்லாக் கட்டடத்தை நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்று இடிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. அதேபோல், வதிவிட வலயம் என்றால் கடையே கூடாது என்றும் இல்லை; பல திட்டங்களில் சிறு கடைகளுக்கு நிபந்தனையோடு இடம் விட்டிருப்பார்கள். பிரதேசம் இன்னும் பிரகடனமே ஆகாவிட்டால், 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி சபை அனுமதி தரவேண்டும். பிளானைக் கேட்காத சட்டம் நாட்டில் கிடையாது.

எந்தச் சபை என்பதும் உங்கள் பக்கத்தில் லேசான கேள்வி இல்லை. பழைய நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, 2018 தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் வந்தன. இன்றைக்கும் பழைய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று திரும்புபவர்கள் இருக்கிறார்கள். நகர சபை எல்லையில் தொடங்கும் வீதி பிரதேச சபை எல்லையில் முடிவதும் உண்டு. அளவைப் படத்தோடு போய், காணி எந்தச் சபைக்குள் இருக்கிறது, பிரகடனமான பிரதேசமா, எந்த வலயம் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

படம் வரைபவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தக் காணியில் இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை மாடி சாத்தியமா என்று அதிகாரிகளைக் காகிதத்தில் பேசவைக்கும் வழி அது. செலவு சிறிது. ஆனால் நம்மவர்கள் இதைத்தான் தாண்டிப் போவார்கள். நேரே முழுப்படம், அதற்கு ஒரு பெருந்தொகை, பிறகு திருத்தம், மீண்டும் திருத்தம்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் வலயம் இல்லை, "பள்ளத்துப் பக்கம்".

மலையகத்துக் கடைவீதிக் கட்டடங்களின் உடற்கூறு எல்லோருக்கும் தெரியும்: முன்னால் ஒரு மாடி, பின்னால் தூண்களில் நிற்கும் இரண்டு மூன்று மாடி. தம்பி சொல்லும் மூன்று மாடி வீதியிலிருந்து எண்ணிய மூன்று. பள்ளத்திலிருந்து எண்ணுங்கள், ஐந்துகூட வரலாம். அதைத் தாங்கப்போகும் மண் எது? தேயிலை மலையைத் தட்டையாக்கி வளாகம் கட்டும்போதும், வீதியை அகலமாக்கும்போதும், வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள்? பெரும்பாலும் வீதியின் பள்ளத்துப் பக்கத்தில். உங்கள் காணி இப்போது முன்னைவிட அகலமாக, மட்டமாகத் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது கொட்டிய மண்ணாக இருக்கலாம். அதன்மேல் அத்திவாரம் போடுவது அரிசி மூட்டையின் மேல் ஏணி வைப்பது போன்றது.

இரண்டாவது, தண்ணீர். தேயிலைச் செடிகளுக்கு இடையில் ஊறிப் போன மழை, இனி கூரைகளிலும் தார் போட்ட முற்றங்களிலும் விழுந்து ஒரே ஓட்டமாக வடிகாலுக்கு வரும். வடிகால் வீதிக்கு அடியில் ஒரு மதகு வழியாகப் பள்ளத்துப் பக்கம் திறக்கும். அந்த மதகின் வாய் எங்கே திறக்கிறது என்று போய்ப் பாருங்கள். உங்கள் 40 அடிக்குள் திறந்தால், இந்தப் பதிலின் மிச்சத்தை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

மூன்றாவது உங்கள் கட்டடமே விடும் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு அறை, ஒவ்வொன்றுக்கும் குளியலறை என்றால் அந்தக் கழிவுநீர் முழுவதும் நாள்தோறும் ஊறல் குழி வழியாக அதே சரிவுக்குள் இறங்கும். மழை இல்லாத நாளிலும் மலை நனையும். கீழே லயத்து மக்களின் பீலி இருந்தால் அது இன்னொரு வழக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைப் பார்க்காமல் விடமாட்டார், விடவும் கூடாது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் அதற்குள் அடங்கும். முன்பு சிலர் அதை ஒரு முத்திரையாக நினைத்தார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபின் அந்த நினைப்பு குறைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, சரிவைப் பார்க்காமல் கையெழுத்திடும் அதிகாரி இருந்தால் நான் அவரைப் பார்த்துப் பயப்படுவேன். வைத்தியசாலைக்குக் கிடைத்த அறிக்கை உங்கள் காணிக்குப் பொருந்தாது. உங்களுக்குத் தனி அறிக்கை. அதில் தாங்குசுவர், வடிகால், மாடிக் கட்டுப்பாடு என்று நிபந்தனைகள் வரும். தாங்குசுவரின் செலவு கடையின் செலவை மிஞ்சிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இந்த அறிக்கை கைக்கு வந்தபிறகே தம்பி பணம் அனுப்பட்டும்.

வீதிப் பக்கம் வருவோம். 14 பேர்ச் என்றால் ஏறக்குறைய 354 சதுர மீற்றர். கேட்க நல்ல அளவுதான். A, B வகை வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, C, D என்றால் மாகாணத் திணைக்களம், மற்றவை உள்ளூர்ச் சபை. யாருடைய வீதி என்று அறிந்து, வீதிக்காக எதுவரை விடவேண்டும் என்று காட்டும் வீதிக் கோட்டுச் சான்றிதழை எடுங்கள். வைத்தியசாலை வீதி அகலமாகும் என்றே நானும் நம்புகிறேன், ஆனால் அகலமாவது உங்கள் முகப்பைத் தின்றுதான். மிச்சத்தில் வாகனத் தரிப்பிடம் கேட்பார்கள். ஒரு கார் நிறுத்த 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வேண்டும். நான்கு கார் பக்கம் பக்கமாக நின்றால் 9.6 மீற்றர். உங்கள் முகப்பே 12.2 மீற்றர்தான். கடைக்கு வாசல் எங்கே வைப்பது? தங்கும் அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் தரிப்பிடக் கணக்கும் குறையும் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

வாசல் என்றதும் நினைவுக்கு வருகிறது. திட்டமிடல் குழுவில் நான் இருந்த காலத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வைத்தியசாலையின் வாசலுக்கு நேரெதிரே ஒருவர் கடன்பட்டுக் கடைத்தொகுதி கட்டினார். அது சாமான் லொறிகளுக்காக வெட்டிய தற்காலிக வாசல். நோயாளர் வாசல் மறுபக்க வீதியில் திறந்தது. அவருடைய கடைகளுக்கு எதிரே கடைசியில் வந்தது பிரேத அறையின் மதில். வெளிநோயாளர் பிரிவு, கிளினிக், பஸ் தரிப்பிடம் மூன்றும் எந்தப் பக்கம் என்று வளாகத் திட்டத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி வைத்தியசாலை எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். பகலில் 50 டெசிபெல், இரவில் 45. கராஜ், அரைக்கும் ஆலை, ஒலிபெருக்கி வைத்த கல்யாண மண்டபம் எல்லாம் அந்த எல்லைக்குள் சிக்கலில் மாட்டும். நீங்கள் வைக்கப்போகும் மின்பிறப்பாக்கியும் அந்தக் கணக்கில் வரும்.

மருந்துக்கடைக்கு 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதி வேண்டும், பதிவுபெற்ற மருந்தாளர் வேண்டும். மருந்தாளரைத் தேடும் வேலையை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாமல், அனுமதியுள்ள ஒருவருக்குக் கடையை வாடகைக்கு விடுவதே மேல். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். வெளியே எழுதிக்கொடுக்கும் மருந்துதான் கடைக்கு வரும்.

தங்கும் அறைகள் பற்றித் தம்பியின் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. கிளினிக்குக்கு வரும் தோட்டத்துத் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறாள். முதல் பஸ்ஸில் வந்து, மத்தியானத்துக்குள் திரும்பப் பார்ப்பாள். அவளுக்கு வேண்டியது சூடான தேநீர், ஒரு பணிஸ், சுத்தமான கழிப்பறை, போட்டோக் கொப்பி. அவள் அறை எடுக்கமாட்டாள். அறை தேடப்போவது இடமாற்றத்தில் வரும் தாதியர்களும் இளம் வைத்தியர்களும்தான். மாத வாடகை, சத்தமில்லாத குடியிருப்பாளர், வாகனமும் குறைவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால், மண்சரிவு அறிக்கை இடம் கொடுத்தால் மட்டும், வீதி மட்டத்தில் இரண்டு சிறு கடைகளும் அதன் கீழே மூன்று போடிங் அறைகளும் கட்டுவேன். அதையும் ஒரு தென்மேற்குப் பருவமழை முழுவதும் காணியைப் பார்த்தபிறகே. அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே பணம் தயாராகும் முன் அதை எடுத்து வைப்பதில் பயனில்லை. கட்டி முடித்தபின், அனுமதித்த படத்தின்படியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் யாரையும் குடியமர்த்த வேண்டாம்.

அதுவரை கையிலுள்ள வேலை ஒன்று சொல்கிறேன். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை உங்களுக்குத் தூரமில்லை; 150 கட்டில்களோடு 2017 மே மாதம் திறந்தது. பாடசாலை விடுமுறையில் ஒரு கிளினிக் நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதன் வாசலுக்கு எதிரே காலை ஆறு மணி முதல் நில்லுங்கள். எத்தனை பேர் மருந்துச்சீட்டோடு வெளியே வருகிறார்கள், எத்தனை பேர் தேநீர் குடிக்கிறார்கள், எத்தனை பேர் நேரே பஸ்ஸில் ஏறுகிறார்கள், எந்தக் கடை பூட்டியே கிடக்கிறது என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணி, அந்தப் பக்கத்தைத் தம்பிக்குப் படமெடுத்து அனுப்புங்கள்.