வீட்டில் 31 வேதாகமங்கள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தூத்துக்குடி மாவட்டத்தில் தனியாக இருக்கிறேன். இந்த வருடக் கடைசியில் சென்னையில் மகன் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகியிருக்கிறது. என்னிடம் சின்னதும் பெரியதுமாக 31 வேதாகமங்கள் இருக்கின்றன. பாதி நான் வாங்கியவை, மீதி பரிசாக வந்தவை. "இத்தனை எதற்கு? ஒரே புத்தகம்தானே, போனிலேயே எல்லாம் இருக்கிறதே" என்கிறான் மகன். புத்தகத்தைச் சேர்ப்பதும் ஒருவகை விக்கிரகம்தான் என்று ஒருமுறை பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து எனக்கும் உறுத்தல். மருமகள் கத்தோலிக்கப் பெண், அவள் வாசிப்பது திருவிவிலியம். அதில் சில வசனங்கள் இல்லை, சில புத்தகங்கள் கூடுதலாக இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் எதை வாசிப்பது என்று வீட்டில் பேச்சு வருகிறது. என் அம்மா வழிப் பூட்டியின் பைபிள் ஒன்று அட்டை கிழிந்து, முன்பக்கங்கள் இல்லாமல் இருக்கிறது. அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் லுத்தரன் சபை. இறந்துபோன என் கணவரின் பைபிளும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்ள, எதைக் கொடுக்க?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள டீச்சர் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். 31 என்ற எண்ணை வைத்து நீங்கள் உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் மகன் சொன்ன "ஒரே புத்தகம்தானே" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழாசிரியையான நீங்களும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

முதலில் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, அட்டையைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்துப் பிரியுங்கள். ஜிப் வைத்தது, பெரிய எழுத்து, கல்யாணத்துக்கு வந்த வெள்ளை அட்டை, சன்டே ஸ்கூல் பரிசு, ஓரத்தில் விரல் வைத்துத் திறக்கும் பதிப்பு என்று என்னென்ன இருந்தாலும், தமிழில் பெரும்பாலானவை ஒரே மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்து 1871-இல் வெளிவந்தது அது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் இன்றைக்கும் ஆராதனையில் வாசிப்பது அதைத்தான். உங்கள் 31-இல் அது ஒன்றே 15, 20 பிரதி இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அதில் கண்ணுக்கு இதமான பெரிய எழுத்து ஒன்று, கையில் கொண்டுபோக ஒன்று, போதும். மற்றவை யாருக்காவது முதல் பைபிளாக இருக்கட்டும்.

அப்புறம் மிஞ்சுகிறவைதான் உண்மையில் உங்கள் சேகரிப்பு. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

"நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." யோவான் 14:15, பழைய மொழிபெயர்ப்பு. உங்களுக்கும் எனக்கும் கற்பனை என்றால் கட்டளை. 'பத்துக் கற்பனை' மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். உங்கள் பேரனுக்குக் கற்பனை என்றால் மனதில் தோன்றுவது. அவன் அந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொள்வான்? திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'கட்டளைகள்' என்று இருக்கிறது. இன்னொன்று, மலைப்பிரசங்கம். "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்." சுதந்தரம் என்றால் வாரிசாகப் பெறும் சொத்து. இன்றைய பிள்ளைகள் காதில் அது சுதந்திரமாக, ஆகஸ்ட் 15 ஆக விழுகிறது. சாந்தமுள்ளவர்கள் பூமிக்கு விடுதலை வாங்கித் தருவார்கள் என்றே அர்த்தம் செய்துகொள்வார்கள். திருவிவிலியம் 'உரிமைச்சொத்து' என்று சொல்லிவிடுகிறது.

23-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால் தாழ்ச்சி என்ற சொல்லை நாம் நின்று பார்ப்பதில்லை. எபிரேய மூலத்தில் இருப்பது 'எனக்குக் குறைவுபடாது' என்ற பொருள். 1871-இல் தாழ்ச்சி என்ற சொல் அதைச் சுமந்தது. இன்று அது அவமானம், இறக்கம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. திருவிவிலியம், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்கிறது. பழையதன் ஓசை எனக்கு உயிர். சாவு வீட்டில் அதைச் சொன்னால்தான் எனக்கு ஆறுதல். ஆனால் அதன் பொருள் முழுதாக எனக்குள் இறங்கியது புதியதை வாசித்த பிறகுதான். ஒன்று மட்டும் கையில் இருந்திருந்தால், ஒரு சொல்லை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கடவுளைக் குறிக்கும் சொல்லிலேயே இந்தத் தேர்வு தெரியும். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்று எழுதினார். அவருக்குப் பின் வந்த மொழிபெயர்ப்பாளர் ஃபப்ரீஷியஸ் 'பராபரன்' என்றார். பவர் குழு 'தேவன்' என்றது. 1954-இல் வந்த திருத்திய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் 'கடவுள்' என்கின்றன. இருநூறு சொச்சம் வருடத்தில் நான்கு சொற்கள். அதை விக்கிரகம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. திறக்காமலே அடுக்கிவைத்து அழகு பார்த்தால் அந்தப் பிரசங்கம் உங்களுக்கானதுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறவருக்கு அது பொருந்தாது.

உங்கள் பூட்டியின் பைபிள் எது என்று கண்டுபிடிக்கவும் இந்தச் சொல்தான் வழி. ஆதியாகமம் முதல் அதிகாரம் கிழிந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, உள்ளே எங்காவது கடவுளை என்னவென்று சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பராபரன் என்று இருந்தால் அது ஃபப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பு. தஞ்சாவூர் லுத்தரன் குடும்பம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. மற்ற சபைகள் பவர் மொழிபெயர்ப்புக்கு மாறிய பிறகும் லுத்தரன் சபையார் இதை விடவில்லை.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யோகான் பிலிப் ஃபப்ரீஷியஸ் சென்னை வேப்பேரியில் இருந்த ஜெர்மானியர். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சுக்கூடம் வேப்பேரி மிஷனுக்கு வந்தது. அதில்தான் அவருடைய தமிழ் ஏறியது. தமது கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791-இல் இறந்தார். பழைய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது அதற்குப் பின்னால், 1796-இல். பவர் குழு புதிதாகத் தொடங்கவில்லை, இவர் மொழிபெயர்ப்பைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டது. நாம் மனப்பாடமாகச் சொல்லும் வசனங்களில் எத்தனையோ இடங்களில் பேசுவது இவருடைய தமிழ்தான்.

ஆண்டு தெரிய வேண்டுமானால், முன்பக்கம் போனாலும் புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் தனியாக ஒரு தலைப்புப் பக்கம் இருக்கும், அங்கே பாருங்கள். 'பராபரன்' இருப்பதால் மட்டும் அது 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஆகிவிடாது. 20-ஆம் நூற்றாண்டிலும் அதை மறுபடி மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றுப் பக்கத்திலோ பின் அட்டையின் உட்புறத்திலோ பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து மகனுக்கும் உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தயவுசெய்து அவசரப்பட்டு அதை பைண்டிங் கடையில் கொடுத்துவிடாதீர்கள். என் தாத்தாவின் பைபிளை நான் அப்படிக் கொடுத்தேன். ஓரத்தைச் சமமாக்குகிறேன் என்று கட் செய்ததில், அவர் 40 வருடம் ஓரத்தில் எழுதிய குறிப்புகளில் பாதி வெட்டுப்பட்டுப் போய்விட்டது. இன்றும் அதைத் திறந்தால் பாதிச் சொற்கள்தான் நிற்கின்றன. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள். சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறும், கறையானும் அந்த வழியாகத்தான் வரும். மாதம் ஒருமுறை எடுத்துப் பக்கம் புரட்டினாலே ராமபாணப் பூச்சி அண்டாது.

உங்களுக்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தோன்றினால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் அச்சு நூல்களைக் காக்கிற இடம். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் சபை வரலாற்று ஆவணக் காப்பகம் உண்டு. எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

சரி, மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேள்வியின் நடுவில் ஒரு வரியாக எழுதியிருந்தாலும், உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

திருவிவிலியத்தை கத்தோலிக்கர் பைபிள் என்று ஒதுக்க வேண்டாம். 1995-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பில் கத்தோலிக்க அறிஞர்களோடு நம் சபைகளின் அறிஞர்களும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். கூடுதலாக இருப்பவை தோபித்து, யூதித்து, சீராக், மக்கபேயர் முதலான 7 நூல்களும், எஸ்தர், தானியேல் நூல்களில் சேரும் சில பகுதிகளும். நம் கணக்கு 66, அவர்கள் கணக்கு 73. நம் முன்னோர் மதித்த ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பு 1611-இல் முதலில் அச்சானபோது இந்த நூல்களும் இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் இருந்தன. உபதேசத்தை நிலைநாட்ட இவற்றை எடுக்கக் கூடாது, நன்னடத்தைக்காக வாசிக்கலாம் என்பதுதான் ஆங்கிலிக்கன் சபையின் பழைய நிலைப்பாடு. ஆகவே பேரப்பிள்ளைகள் தோபித்து கதையை வாசிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. நல்ல கதை அது, நாயும் வருகிறது.

வசனங்கள் இல்லாததும் யாரும் வேண்டுமென்று வெட்டியதல்ல. 1 யோவான் 5:7-ஐப் பாருங்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று பிதாவையும் வார்த்தையையும் பரிசுத்த ஆவியையும் சொல்லும் வரி பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும், புதியதில் இருக்காது. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவர் கையிலிருந்த கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு 1522-இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த கிரேக்கப் பாடம்தான் ஜேம்ஸ் அரசர் பதிப்புக்கும் நம் பழைய தமிழுக்கும் பின்னால் இருக்கிறது. பிறகு மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தபோது அவற்றிலும் அது இல்லை. ஆகவே புதிய மொழிபெயர்ப்புகள் விட்டுவிட்டன. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம்.

பிள்ளைகள் எதை வாசிப்பது என்ற பேச்சை இப்படி முடிக்கலாம். இரவு ஜெபத்தில் ஒரே பகுதியை நீங்கள் பழையதில் ஒரு தடவை வாசியுங்கள், மருமகள் அவருடையதில் ஒரு தடவை வாசிக்கட்டும். எங்கே சொல் மாறுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் இதைப் போல எத்தனை செய்திருப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேடுவதற்கு அது நல்லதுதான், ஒரு சொல் எங்கே வருகிறது என்று நொடியில் காட்டிவிடும். ஆனால் யாருடைய பென்சில் கோடும் அதில் இராது.

ஆங்கிலத்தில் ஜேம்ஸ் அரசர் பதிப்பு ஒன்றும் பின்னால் வந்த புதிய மொழிபெயர்ப்பு ஒன்றும் இருந்தால் போதும். தமிழில் பவர், 1954 திருத்தியது, திருவிவிலியம், பேச்சுக்கு அருகில் வரும் எளிய மொழிபெயர்ப்பு ஒன்று, பூட்டியின் பராபரன். எப்படிக் கூட்டினாலும் 10-க்குள் வந்துவிடும். அதற்கு மகன் வீட்டில் ஒரு தட்டு போதும், கேட்டு வாங்குங்கள். கொடுக்கிறவற்றைச் சபையில் மொத்தமாக இறக்கிவிடாதீர்கள், அவை அங்கே இன்னொரு அலமாரியில் தூங்கும். திடப்படுத்தலுக்கு (விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் சடங்குக்கு) வரும் பிள்ளைகள், பெரிய எழுத்து தேவைப்படும் பெரியவர்கள், ஆஸ்டல் பிள்ளைகள் என்று ஆள் பார்த்துக் கையில் கொடுங்கள். பரிசுப் பக்கத்தில் உங்கள் பெயர் இருந்தால் அதைக் கிழிக்காமல், கீழே வாங்குகிறவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

உங்கள் கணவரின் பைபிளை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அதைப் பெட்டியில் அடைக்காதீர்கள். ரயிலில் போகும்போது கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.