ரோமானியத் தங்கக் காசுகளும் தெய்வங்களும்: கேள்வி-பதில்

காசின் பின்பக்கத்தில் இருப்பது எந்தத் தெய்வம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். வேலைப் பார்த்து முருகன் என்கிறோமே, அதே வழிதான். இடியாயுதமும் செங்கோலும் என்றால் ரோமானியரின் தலைமைத் தெய்வம் ஜூபிடர். தராசு ஏந்தியவள் நேர்மையின் தேவதை ஈக்விடாஸ். தலைக்கவசமும் ஈட்டியுமாக நிற்கும் பெண் அறிவின் தேவதை மினர்வா. பேரரசர் டொமிஷியனின் இஷ்ட தெய்வம் அவள்தான். எனக்குப் பிடித்தது பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்து சாலுஸ், உடல்நலத்தின் தேவதை. பலிபீடத்தைச் சுற்றிய பாம்பு தலையைத் தூக்க, அவள் கிண்ணத்திலிருந்து ஊட்டுகிறாள். சுமார் 2 செ.மீ. அகலக் காசுக்குள் இத்தனையும்!

பேரரசர்கள் எதை வைத்துத் தெய்வத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

அன்றைய அரசியலை வைத்து. கி.பி. 65-இல் பேரரசர் நீரோவைக் கொல்லச் சதி நடந்து, அது வெளிப்பட்டது. அப்புறம் வந்த தங்கக் காசில் ஜூபிடர் அமர்ந்திருக்கிறார். எழுத்து ‘காவலன் ஜூபிடர்’ என்கிறது. உயிர் தப்பியதை ஊருக்கே சொன்ன மாதிரி.

புதுக்கோட்டைக் காசுகளில் ஏன் வெட்டு இருக்கிறது?

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியக் காசுப் புதையலில் 501 தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளி பாய்ந்திருக்கிறது. தங்கத்தைச் சோதிக்கத்தான் வெட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதுமே, முகத்தை ஏன் தேடிப் பிளக்க வேண்டும்? இனி இது நாணயமல்ல, எடைக்கு எடை பொன் என்று அறிவிக்கும் வெட்டு அது என்றே நினைக்கிறேன்.

அந்தப் புதையலிலுள்ள பேரரசர் திபேரியஸ் காசுகளில், செங்கோலும் கிளையும் பிடித்து அமர்ந்திருக்கும் பெண்ணைக் கவனியுங்கள். அமைதித் தேவதை பாக்ஸா, பேரரசரின் தாய் லிவியாவா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஏனென்றால் எழுத்து அவள் பெயரைச் சொல்வதில்லை; திபேரியஸின் ‘தலைமைப் பூசாரி’ பட்டத்தை மட்டும் சொல்கிறது.

கிறிஸ்தவம் வந்ததும் தெய்வங்கள் மறைந்துவிட்டனவா?

உடனே இல்லை. கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் காசுகளில்கூட சூரியக் கடவுள் சோல் சுமார் 325 வரை வருகிறார். வெற்றித் தேவதை விக்டோரியா இன்னும் நீடித்தாள். 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவள் இடத்துக்குச் சிலுவை ஏந்திய ஆண் தேவதூதர் வந்தார்.

பழைய தங்கக் காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது, நுண்ணிய கோடுகள் போய்விடும். மண்ணில் கிடைத்தது என்றால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுங்கள்.